வரம்புக்குள் இருந்தால் போதுமா? காற்றுத் தர எண்களை வாசிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

'பிஎம் 2.5 அளவு 55. வரம்பு 60. அப்புறம் என்ன கவலை?' காற்று மாசைப் பற்றிப் பேச்சு எழுந்தால் யாராவது ஒருவர் இப்படிச் சொல்லி முடித்துவிடுவார். பிஎம் 2.5 என்றால் காற்றில் மிதக்கும், 2.5 மைக்ரோமீட்டரோ அதற்கும் குறைவான விட்டமோ கொண்ட நுண்துகள். ஒரு கனமீட்டர் காற்றில் அது எத்தனை மைக்ரோகிராம் என்பதுதான் அந்த எண். அந்த 60 எந்த நாட்டு வரம்பு, எத்தனை மணி நேரச் சராசரிக்குப் போட்டது, யாருடைய உடம்பை மனத்தில் வைத்துப் போட்டது என்று யாரும் கேட்பதில்லை.

காற்றுத் தர வரம்பு என்பது ஒற்றை எண் கிடையாது. எந்த மாசு, எவ்வளவு, எத்தனை நேரத்துச் சராசரி, எத்தனை முறை தாண்டினால் 'மீறல்' ஆகும் என்று நான்கு சங்கதிகள் சேர்ந்தால்தான் அது வரம்பு. பெரும்பாலும் நம் காதுக்கு வந்து சேர்வது இரண்டாவது மட்டும்தான். தவறுகள் அங்கேதான் தொடங்குகின்றன.

கோட்டுக்குக் கீழே எல்லாம் நல்ல காற்று என்று நம்புவது

இருப்பதிலேயே பெரிய தவறு இது. 59இல் நலம், 61இல் நோய் என்று உடம்பு கணக்குப் பார்ப்பதில்லை.

நுண்துகள் வரம்பு பிறந்த கதையைப் பார்த்தால் இது விளங்கும். அமெரிக்காவில் ஆறு நகரங்களைச் சேர்ந்த எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களை ஹார்வர்டு ஆய்வாளர்கள் 14 முதல் 16 ஆண்டுகள் வரை தொடர்ந்து கவனித்தார்கள். புகைப்பழக்கம் போன்ற மற்றக் காரணங்களைக் கழித்துப் பார்த்த பிறகும், மிக மாசான நகரத்தில் இறப்பு விகிதம் மிகச் சுத்தமான நகரத்தைவிட 26 சதவீதம் அதிகமாக இருந்தது. 1993இல் முடிவு வெளியானது. பிஎம் 2.5க்கு என்று அமெரிக்கா தனி வரம்பு வைத்தது 1997இல்தான்: கனமீட்டருக்கு ஆண்டுச் சராசரி 15 மைக்ரோகிராம். அது 2012இல் 12 ஆனது, 2024இல் 9 ஆனது. உலக சுகாதார நிறுவனமும் 2005இல் 10 என்று சொன்னதை 2021இல் 5 ஆக்கியது.

இந்த ஆண்டுகளில் மனித நுரையீரல் பலவீனமாகிவிடவில்லை. மாசு குறைந்த ஊர்களில் வாழ்பவர்களைப் பற்றிய ஆய்வுகள் வரவர, அங்கேயும் பாதிப்பு தெரிந்தது. இதற்குக் கீழே போனால் யாருக்கும் ஒன்றும் ஆகாது என்று சொல்லும்படியான ஓர் அளவு நுண்துகளுக்கு இதுவரை அகப்படவில்லை. அப்படியானால் 5 எங்கிருந்து வந்தது? நம்பத்தகுந்த ஆய்வுகளில் மக்கள் சுவாசித்த அளவுகளில் மிகக் குறைந்தவை எவை என்று பார்த்து, அவற்றை ஒட்டி வைத்தது அது. அதற்கும் கீழே ஆராய்ந்து பார்க்கும் அளவுக்கு, அவ்வளவு சுத்தமான காற்றில் போதிய ஆட்கள் இல்லை. ஆதாரம் எட்டிய கடைசி இடம்தான் 5. அதைப் பாதுகாப்பு எல்லை என்று வாசிப்பதே பிழை என்றால், இந்தியாவின் ஆண்டு வரம்பான 40ஐயும் நாள் வரம்பான 60ஐயும் அப்படி வாசிப்பதை என்ன சொல்வது!

நேரத்தைப் பார்க்காமல் எண்ணை மட்டும் ஒப்பிடுவது

காலை ஏழு மணிக்குச் செயலியில் தெரிந்த 90ஐ எடுத்து, 'உலக சுகாதார நிறுவன அளவைப்போல் 18 மடங்கு' என்று பகிர்கிறார்கள். 5 என்பது ஓர் ஆண்டு முழுவதற்குமான சராசரி. ஒரு நாளைக்கு அதே நிறுவனம் சொல்லும் அளவு 15. ஒரு மணி நேரத்து 90ஐ இரண்டோடும் நேராக ஒப்பிட முடியாது.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. ஒரு சாலையோரத்தில் 18 மணி நேரம் 20 மைக்ரோகிராமும், போக்குவரத்து நெரியும் ஆறு மணி நேரம் 160ம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 24 மணி நேரச் சராசரி 55 வரும். இந்திய வரம்பான 60க்குள் அடங்கிவிட்டது. ஆனால் அந்த ஆறு மணி நேரமும் அதே சாலையில் நிற்க வேண்டியவர் சுவாசித்தது 160. சராசரி பொய் சொல்லவில்லை, அவரைப் பற்றிச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

எந்த மாசுக்கு எவ்வளவு நேரம் என்பதை உடம்பு தீர்மானிக்கிறது. கந்தக டை ஆக்சைடு பட்டால் ஆஸ்துமா உள்ளவருக்குச் சில நிமிடங்களிலேயே மூச்சுக்குழாய் சுருங்கும். அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் அதற்குப் பத்து நிமிட அளவு (500 மைக்ரோகிராம்) வைத்திருக்கிறது. அமெரிக்கா 2010இல் தன் பழைய நாள், ஆண்டு வரம்புகளை விட்டுவிட்டு ஒரு மணி நேர வரம்புக்கு மாறியது. வெயிலில் உருவாகும் ஓசோனுக்கு எட்டு மணி நேரம். இதயத்தையும் ரத்தக்குழாயையும் ஆண்டுக்கணக்கில் அரிக்கும் நுண்துகளுக்கு ஆண்டு, நாள் என இரண்டும்.

ஒரு நாள் தாண்டினாலே சட்ட மீறல் என்பதும் சரியல்ல. இந்திய விதிப்படி 24 மணி நேர வரம்பை ஆண்டில் 98 சதவீத நேரம் கடைப்பிடிக்க வேண்டும். மீதி 2 சதவீதம் தாண்டலாம், ஆனால் தொடர்ந்து இரண்டு நாள் கூடாது. உலக சுகாதார நிறுவனத்தின் 15ம் ஆண்டுக்கு மூன்று நான்கு நாள் தாண்டலாம் என்று இடம் கொடுத்தே வைத்தது.

குறியீட்டையும் வரம்பையும் ஒன்றாக்குவது

ஏகியூஐ என்னும் காற்றுத் தரக் குறியீட்டுக்கு அலகு கிடையாது. 'இன்றைக்கு 150 மைக்ரோகிராம்' என்று ஒருவர் சொன்னால், பாதி நேரம் அவர் பார்த்தது குறியீட்டு எண்ணாகத்தான் இருக்கும். ஒவ்வொரு மாசுக்கும் தனித்தனியே எண் போட்டு, அவற்றில் பெரியது எதுவோ அதையே அன்றைய குறியீடு என்கிறார்கள், கூட்டுவதில்லை.

நாட்டுக்கு நாடு அளவுகோலும் மாறும். 24 மணி நேரச் சராசரி பிஎம் 2.5 சரியாக 60 மைக்ரோகிராம் என்றால் இந்தியக் குறியீட்டில் அது 100, 'திருப்திகரம்' என்ற வகையின் கடைசிப் படி. அதே காற்று அமெரிக்கக் குறியீட்டில் 150ஐத் தாண்டி, 'ஆரோக்கியத்துக்குக் கேடு' என்ற சிவப்பு வகையில் விழும். இரண்டு செயலிகள் இரண்டு எண் காட்டினால் ஒன்று பொய் என்று சண்டை போடுவதற்கு முன், எந்த நாட்டுக் குறியீடு என்று பாருங்கள். முடிந்தால் குறியீட்டை விட்டுவிட்டு மைக்ரோகிராமைப் பார்ப்பதே நல்லது என்பது என் கட்சி.

வழிகாட்டுதலைச் சட்டம் என்று நினைப்பது

உலக சுகாதார நிறுவனம் சொல்வது யாரையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது. உடல்நலத்தை மட்டும் பார்த்து அது எண் சொல்கிறது. அதைச் சட்டமாக்கும் அரசு செலவு, தொழில்நுட்பம், இப்போதிருக்கும் மாசு எல்லாவற்றையும் எடைபோடும். அமெரிக்கா இதில் சற்று விலக்கு. அங்கே 1970ஆம் ஆண்டுச் சட்டம், பொது நலனைக் காக்க 'போதுமான பாதுகாப்பு இடைவெளி'யோடு வரம்பு வைக்கச் சொல்கிறது. எண்ணைத் தீர்மானிக்கும்போது செலவைப் பார்க்கவே கூடாது என்று 2001இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அந்த எண்ணை எப்படி எட்டுவது என்று திட்டமிடும்போது செலவைப் பார்த்துக்கொள்ளலாம்.

பிஎம் 2.5க்கு இந்தியாவின் ஆண்டு வரம்பு 40, 2009இல் வைத்தது. ஐரோப்பிய ஒன்றியம் 25இலிருந்து 2030க்குள் 10க்கு இறங்க 2024இல் சட்டம் இயற்றியது. '5 எல்லாம் பணக்கார நாடுகளுக்கு' என்று ஒதுக்குகிறவர்கள், அதே வழிகாட்டுதலில் 35, 25, 15, 10 என்று இடைக்கால இலக்குகள் படிப்படியாக இருப்பதை ஏனோ படிப்பதில்லை.

தொழிற்கூட வரம்பைத் தெருவுக்குக் கொண்டுவருவது

அறிக்கைகளில் கவனிக்க வேண்டிய இடம் இது. அமெரிக்கத் தொழிற்கூட விதியில், நுரையீரலுக்குள் போகக்கூடிய பொதுவான தூசுக்கு எட்டு மணி நேர வரம்பு கனமீட்டருக்கு 5 மில்லிகிராம், அதாவது 5,000 மைக்ரோகிராம். வேலைக்குப் போகும் திடமான ஆளை, வேலை நேரத்துக்கு மட்டும் கணக்கில் வைத்தது அது. தெருக்காற்றின் வரம்போ கைக்குழந்தை, முதியவர், கர்ப்பிணி, ஆஸ்துமாக்காரர் என எல்லோருக்கும், நாள் முழுவதற்கும். ஈயத்துக்கு அமெரிக்கா 1978இல் வைத்த 1.5 மைக்ரோகிராம் 2008இல் ஒரேயடியாகப் பத்தில் ஒரு பங்காகி 0.15க்கு வந்ததற்குக் காரணம், குழந்தைகளின் அறிவுத்திறனை அது பாதிக்கிறது என்ற ஆதாரம். ஓர் அறிக்கை 'வரம்புக்குள் உள்ளது' என்றால், யாருக்கான வரம்பு என்று கேளுங்கள்.

வரம்பு இல்லையென்றால் தீங்கும் இல்லை என்பது

வரம்பு உள்ள துகளை எப்படி அளக்கிறார்கள் என்று முதலில் பார்ப்போம். வீட்டில் வைக்கும் சிறு சென்சார் ஒளி சிதறுவதை வைத்துத் துகளைக் கணக்கிடுகிறது. ஈரப்பதம் கூடினால் துகள்கள் நீரை உறிஞ்சிப் பருக்கும், எண்ணும் ஏறும். வரம்போடு ஒப்பிடுவதற்கான மூல அளவீட்டு முறையில், ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்திய அறையில், துகள் படிந்த வடிதாளை எடைபோடுகிறார்கள். ஆகவே மழைநாளில் சென்சார் காட்டுவதைச் சற்றுத் தள்ளியே வாசிக்க வேண்டும்.

எடைபோடுவதற்கும் ஒரு குறை உண்டு. 0.1 மைக்ரோமீட்டருக்கும் சிறிய அதிநுண் துகள்கள் எண்ணிக்கையில் கோடிகளாக இருந்தாலும் எடையில் ஏறக்குறைய ஒன்றுமில்லை, பிஎம் 2.5 எண் அவற்றைக் காட்டாது. 2021இல் உலக சுகாதார நிறுவனம் அவற்றுக்கு வரம்பு வைக்கவில்லை. ஆதாரம் இன்னும் போதவில்லை என்று சொல்லி, எண்ணிக்கையை அளக்கத் தொடங்குங்கள் என்றது. கன சென்டிமீட்டருக்கு 24 மணி நேரச் சராசரி 1,000 துகளுக்குக் கீழே இருந்தால் குறைவு, 10,000த்தைத் தாண்டினால் அதிகம் என்று ஓர் அடையாளமும் கொடுத்தது. 1997க்கு முன்பு அமெரிக்காவில் பிஎம் 2.5ம் இதே நிலையில்தான் இருந்தது.