உபின் தீவு நடை: தேதி எப்படிக் கிடைத்தது

சிங்கப்பூரின் புலாவ் உபினில், செக் ஜாவா என்ற கடலோர ஈரநிலம்வரை நடக்கும் திட்டம் சில நாட்களை விழுங்கியது. படகுக்குக் கால அட்டவணை தேடினால் கிடையாது. சாங்கி படகுத்துறையில் 12 பேர் சேர்ந்தால் கிளம்பும். வானிலைச் செயலியும் உதவவில்லை. நல்ல வெயில், ஆனால் அங்குள்ள பலகைப் பாதைக்குக் கீழே வெறும் தண்ணீர்.

வழி பிறந்தது, கடல் ஏறி வற்றும் நேரங்களைச் சொல்லும் ஓதப் பட்டியலில். நீர்மட்டம் 0.5 மீட்டரோ அதற்குக் கீழோ இருந்தால் ஒற்றைக் கொடுக்கு பெருத்த நண்டுகள் சேற்றில் நன்றாகத் தெரியும். பலர் கவனிக்காதது: பல நாட்களில் அந்த அளவு இருட்டில்தான் வரும், செக் ஜாவா திறந்திருப்பதோ காலை 8.30 முதல் மாலை 6 வரை. இரண்டும் பொருந்தும் தேதியைப் பிடித்ததும் நிம்மதி.

சாங்கிக்கு, தானா மேரா ரயில் நிலையத்தில் 2ஆம் எண் பேருந்து. கடல் முழுதாக வற்றுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே படகுத்துறையில் இருங்கள். அக்கரையில் 3 கி.மீ. நடை பாக்கி. படகுக்குச் சில்லறை வைத்திருங்கள்.