ஜார்ஜியாவின் முகங்கள்: 1900 பாரிஸ் கண்காட்சிப் படங்களைக் காங்கிரஸ் நூலகத்தில் தேடிப் படிக்கும் முறை

1900ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நவம்பர் வரை பாரிஸில் நடந்த உலகக் கண்காட்சியில், சமூகப் பொருளாதாரத்துக்கென ஒதுக்கப்பட்ட மண்டபத்துக்குள் அமெரிக்கக் கறுப்பின மக்களின் வாழ்வைக் காட்டும் ஒரு பகுதி இடம்பெற்றது. அதற்கு வழக்கறிஞர் தாமஸ் கால்லோவே பொறுப்பேற்றிருந்தார். அமெரிக்க நாடாளுமன்றத்தின் நூலகமான காங்கிரஸ் நூலகத்தில் பணியாற்றிய டேனியல் முர்ரே நூல்களைத் திரட்டினார். அட்லாண்டா பல்கலைக்கழகத்தில் சமூகவியல் கற்பித்துவந்த டபிள்யூ.ஈ.பி. டு பாய்ஸ், அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தை மட்டும் எடுத்துக்கொண்டு 363 ஒளிப்படங்களையும், ஜார்ஜியாவையும் நாடு முழுவதையும் பற்றிய அறுபதுக்குச் சற்று மேற்பட்ட புள்ளிவிவர வரைபடங்களையும் தயாரித்தளித்தார். கண்காட்சி முடிந்தபின் இவை வாஷிங்டனில் உள்ள காங்கிரஸ் நூலகத்துக்கு வந்து சேர்ந்தன. இன்று மின்னுருவாக்கம் செய்யப்பட்டு, யாரும் கட்டணமின்றிப் பார்க்கக்கூடிய நிலையில் உள்ளன. இப்படங்கள் இணையத்தில் தனித்தனியாக உலவுகின்றன. ஆனால் தொகுப்பிலிருந்து பிரித்தெடுத்த ஒற்றைப் படம் பாதிச் செய்தியைத்தான் சொல்லும் என்பதால், தொகுப்பாகவே அவற்றைப் படிக்கும் முறையை இங்கே விளக்குகிறேன்.

முதலில் நூலகத்தின் பொதுத் தேடல் பெட்டியில் 'பாரிஸ் 1900' என்று தேடுவதைத் தவிர்க்க வேண்டும். அப்படித் தேடினால் ஈஃபில் கோபுரமும் கண்காட்சி அரங்குகளுமாக வந்து குவியும். அச்சுகள் மற்றும் ஒளிப்படங்கள் பிரிவுக்கெனத் தனியே ஓர் இணையப் பட்டியல் உண்டு. அதில் சேகரங்களின் வரிசைக்குச் சென்று, 'ஆஃப்ரிக்கன் அமெரிக்கன் ஃபோட்டோகிராஃப்ஸ் அசெம்பிள்ட் ஃபார் 1900 பாரிஸ் எக்ஸ்போசிஷன்' என்ற தலைப்பைத் திறப்பதே நேர்வழி. நூலகம் தன் பொருள்களுக்கு இட்டிருக்கும் அழைப்பு எண் தெரிந்தவர்கள் ஆங்கிலத்தில் 'லாட் 11930' என்று இட்டால் டு பாய்ஸின் ஒளிப்படத் தொகுதிகளும், 'லாட் 11931' என்று இட்டால் வரைபடங்களும் கிடைக்கும். சொல்லால் தேடுவோர் இரண்டு விதமாகவும் தேட வேண்டியிருக்கும்: நூலகர்கள் எழுதிய தலைப்புகளில் 'ஆஃப்ரிக்கன் அமெரிக்கன்' என்றும், 1900இல் எழுதப்பட்ட வரைபடத் தலைப்புகளில் 'நீக்ரோ' என்றும் இருக்கும்.

ஒரு படத்தைத் திறந்ததும் கண் முகத்துக்குத்தான் போகும். அதைச் சற்றே அடக்கிக்கொண்டு, கீழே உள்ள விவரக் குறிப்பை முதலில் படிப்பது நல்லது. உதாரணமாக, ஒரு பெண்ணின் படத்துக்கு 'ஆஃப்ரிக்க அமெரிக்கப் பெண், அரையளவு உருவப்படம், வலப்புறம் நோக்கி' என்ற பொருளில் சதுர அடைப்புக்குறிக்குள் தலைப்பு இருக்கும். சதுர அடைப்புக்குறி என்றால் அது நூலகத்தார் பிற்காலத்தில் இட்ட தலைப்பு, படத்தோடு வந்ததன்று என்று கொள்ள வேண்டும். முகப்படங்களில் பெரும்பாலானவற்றில் இருப்பவர்களின் பெயரை டு பாய்ஸ் எழுதவே இல்லை. ஆகவே அடைப்புக்குறிக்குள் உள்ள சொற்களை அவருடைய கருத்தாக மேற்கோள் காட்டுவது பிழையாகும். '1899 அல்லது 1900' என்று அடைப்புக்குறிக்குள் தரப்படும் காலமும் அதேபோல் நூலகத்தாரின் கணிப்பே.

குறிப்புப் பகுதியில் உள்ள ஒரு வரியைப் பலர் கவனிக்காமல் தாண்டிவிடுகிறார்கள். படம் எந்தத் தொகுதியில் எத்தனையாவது என்பதைச் சொல்லும் வரி அது. தொகுதியின் கட்டு பிரிக்கப்பட்டிருப்பதையும் அதுவே தெரிவிக்கிறது. அமெரிக்க நீக்ரோக்களின் வகைமாதிரிகள் என்னும் தலைப்பில் மூன்று தொகுதிகளும், ஜார்ஜியாவில் நீக்ரோ வாழ்வு என்னும் தலைப்பில் நான்காவதாக ஒரு தொகுதியும் இருந்தன. ஏடுகள் இன்று தனித்தனியாகிவிட்டதால், பாரிஸில் புரட்டியவர் கண்ட வரிசையை நாம்தான் மீட்டுக்கொள்ள வேண்டும். அதற்குப் பட்டியலிலேயே வசதி இருக்கிறது: படத்தின் பக்கத்தில் அழைப்பு எண்ணின்படி அண்டைப் படங்களைக் காட்டும் இணைப்பைச் சொடுக்கினால், முன்னும் பின்னும் உள்ளவை வரிசையாக வந்து நிற்கும்.

இவ்வாறு பார்க்கும்போதுதான் ஒரு செய்தி புலப்படுகிறது. பல முகங்கள் இரட்டையாக வருகின்றன. ஒரே மனிதர் ஒரு படத்தில் நேராக நோக்குகிறார், அடுத்ததில் பக்கவாட்டில் திரும்பியிருக்கிறார். அக்காலத்தில் குற்றவாளிகளைப் படமெடுத்த காவல் துறையும், மண்டை ஓட்டை அளந்து இனத்தின் தரத்தைக் கணித்தவர்களும் கையாண்ட அமைப்பு இது. அதே அமைப்பில், சரிகைக் கழுத்துப்பட்டி அணிந்த பெண்களையும் கஞ்சியிட்ட காலர் வைத்த இளைஞர்களையும் டு பாய்ஸ் வரிசையாக அமர்த்துகிறார். தற்செயலாக இப்படி அமைந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. 1899 ஏப்ரலில்தான் அதே ஜார்ஜியாவில், நியூனன் என்ற ஊரருகே, சாம் ஹோஸ் என்ற கறுப்பினத் தொழிலாளி பெருங்கூட்டத்தின் முன்னிலையில் எரித்துக் கொல்லப்பட்டார் என்பதையும் சேர்த்து நினைத்தால், இந்த அமைதியான முகங்கள் எதற்கு மறுமொழியாக வைக்கப்பட்டன என்பது விளங்கும்.

இருப்பினும் முகப்படங்களை மட்டும் பார்த்து, ஜார்ஜியாவின் கறுப்பின மக்கள் அனைவரும் இப்படித்தான் உடுத்தினார்கள் என்ற முடிவுக்கு வந்துவிடக் கூடாது. இந்த இடத்தில் வரைபடங்கள் துணைக்கு வருகின்றன. 1890ஆம் ஆண்டின் நகர, கிராம மக்கள்தொகையைக் காட்டும் படத்தில், மேலே பச்சை, நீலம், மஞ்சள் நிறங்களில் சிறிய கோடுகள் உள்ளன. அவற்றின் கீழே ஒரு சிவப்புக் கோடு தாளில் இடம் போதாமல் சுருள் சுருளாக உள்நோக்கிச் சுற்றிக்கொண்டு போகிறது. பத்தாயிரத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழ்ந்த நகரங்களில் இருந்த கறுப்பின மக்கள் 78,139 பேர். சிவப்புக் கோடு காட்டும் கிராமப்புறத்திலும் சிற்றூர்களிலும் 7,34,952 பேர். அந்தச் சிவப்புச் சுருளை ஒருமுறை பார்த்தவர், அட்லாண்டாவின் படப்பிடிப்புக் கூடத்தில் எடுத்த உருவப்படங்களை முழு மாநிலத்தின் முகமாகக் கொள்ளமாட்டார். நான்காம் தொகுதியில் வரும் மரவீடுகள், தேவாலயங்கள், மண் சாலைகள் ஆகியவற்றையும் இதனோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

படங்களை எடுத்தவர் யார் என்பது பல இடங்களில் பதிவாகவில்லை. சிலவற்றை அட்லாண்டாவின் கறுப்பின ஒளிப்படக் கலைஞர் தாமஸ் அஸ்க்யூ எடுத்ததாக அடையாளம் கண்டிருக்கிறார்கள். இசைக் கருவிகளோடு இளைஞர்கள் சேர்ந்திருக்கும் குழுப்படம் அவருடைய வீட்டில் எடுக்கப்பட்டது. அதில் இருப்பவர்களில் அவருடைய மகன்களும் உண்டு. வர்ஜீனியா மாநிலத்தில் கறுப்பின மாணவர்கள் பயின்ற ஹாம்ப்டன் கல்விக்கூடத்தை ஃபிரான்சஸ் பெஞ்சமின் ஜான்ஸ்டன் என்ற வெள்ளையினப் பெண் கலைஞர் எடுத்த படங்களும் பாரிஸுக்குச் சென்றன. அவற்றை ஜார்ஜியாப் படங்களோடு கலந்துவிடாமல் தனிக் கோப்பில் வைத்துக்கொள்வது பின்னால் குழப்பத்தைத் தவிர்க்கும்.

பதிவிறக்கும்போது சிறிய ஜேபெக் கோப்போடு நின்றுவிடாமல், நுணுக்கங்கள் குறையாத பெரிய டிஃப் கோப்பு கிடைத்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குமுன் மின் அடையாள எண்ணைப் பாருங்கள். கருப்பு வெள்ளைப் படச்சுருளின் நகலிலிருந்து எடுத்தது என்று அங்கே குறித்திருந்தால், மூல அச்சின் பழுப்பு நிறச் சாயல் அதில் இராது. தாளின் தன்மையையோ மங்கலையோ வைத்து எதையும் முடிவுகட்ட அது உதவாது. மூலத்திலிருந்து நேரடியாக மின்னுருவாக்கியது என்று குறித்திருந்தால் நிறங்களை நம்பலாம்.

வெளியிடுவதற்குத் தெரிந்த தடை எதுவும் இல்லை என்று நூலகம் குறிப்பிடும் படங்களை உங்கள் கட்டுரையில் பயன்படுத்தலாம். நூலகத்தின் பெயர், பிரிவின் பெயர், மறுபிரதி எண் ஆகிய மூன்றையும் படத்தின் கீழே எழுதுவது முறை. தொகுதி எண்ணையும் சேர்த்தால் அடுத்து தேடுபவருக்கு வேலை குறையும். பெயர் தெரியாத முகத்துக்கு 'ஏழைப் பெண்', 'அடிமையின் மகன்' என்று கற்பனையாகத் தலைப்பிடாமல், 'பெயர் பதிவாகவில்லை, ஜார்ஜியா, 1899 அல்லது 1900' என்று மட்டும் எழுதுங்கள்.