எதிரே வருபவர் கண்ணைக் கூசவைக்கும் தவறுகள்: கோளாறு பல்பில் அல்ல, கோணத்தில்

ராத்திரியில் ரோடு சரியாகத் தெரியவில்லை என்றதும் பலரும் முதலில் தேடுவது பவர் கூடிய பல்பைத்தான். எதிரே வருபவர் கண்ணைச் சுருக்கிக்கொள்வதற்கும் அந்தப் பவர்தான் காரணம் என்று நினைக்கிறோம். உண்மையில் வெளிச்சம் எவ்வளவு என்பதைவிட, எந்த உயரத்தில் போய் விழுகிறது என்பதுதான் பிரச்சினை. கோணம் தவறிய சாதாரண 55 வாட் ஹாலஜன் பல்பே கண்ணைப் பறிக்கும். ஒழுங்காகக் குனிந்து எரியும் பிரகாசமான விளக்கு அந்த அளவுக்கு உறுத்தாது.

லோ பீமை (டிம் செய்தால் எரியும் கீழ்நோக்கிய வெளிச்சம்) சுவரில் அடித்துப் பாருங்கள். மேலே இருட்டு, கீழே வெளிச்சம், நடுவில் வெட்டினாற்போல ஒரு கோடு தெரிய வேண்டும். இடப்பக்கம் ஓட்டும் நாடுகளுக்கான விளக்கில் அந்தக் கோடு இடப்பக்கம் கொஞ்சம் மேலேறும். ஓரத்தில் நடப்பவரும் வழிகாட்டிப் பலகையும் தெரிவதற்காகச் செய்த ஏற்பாடு அது. வலப்பக்கம் ஓட்டும் நாடுகளில் இது அப்படியே மாறும். வெளிநாட்டு வண்டியிலிருந்து கழற்றிய பழைய ஹெட்லைட்டை மலிவு என்று வாங்கி மாட்டினால், மேலேறும் பகுதி நேராக எதிராளியின் முகத்துக்குப் போகலாம். அதை எந்தத் திருகைத் திருப்பியும் சரிசெய்ய முடியாது.

ஹாலஜன் கூட்டுக்குள் எல்இடி

லோ பீமும் ஹை பீமும் ஒன்றாகவே உள்ள எச்4 வகை ஹாலஜன் பல்பைக் கையில் எடுத்துப் பார்த்தால் விஷயம் புரிந்துவிடும். உள்ளே இரண்டு இழைகள், லோ பீமுக்கு ஒன்று, ஹை பீமுக்கு ஒன்று. லோ பீம் இழைக்கு அடியில் மட்டும் குட்டிக் கிண்ணம் போல ஒரு தகடு இருக்கும். அந்த இழையின் வெளிச்சம் கீழே போகாமல் தகடு தடுப்பதால், ரிஃப்ளெக்டரின் மேல்பாதியில் மட்டும் பட்டு, ரோட்டை நோக்கிக் குனிந்து வெளியேறுகிறது. சுவரில் கண்ட கோடு பிறப்பது இங்கேதான். இழை ஒரு மில்லிமீட்டர் தள்ளி இருந்தாலே கோடு கலங்கிவிடும்.

இந்தக் கூட்டுக்குள் எல்இடி பல்பைச் செருகும்போது, அதன் சிப்கள் இழை இருந்த இடத்திலேயே, இழையின் அளவிலேயே இருக்க வேண்டும். பலவற்றில் அப்படி இருப்பதில்லை. தண்டின் பருமன் கூடுதல், தகடு பெயருக்கு மட்டும். விளைவு: வண்டிக்கு முன்னால் பத்து மீட்டரில் பளீரென்று வெள்ளை, தூரத்தில் ஒன்றுமில்லை, மேலே சிதறிய வெளிச்சம் எல்லாம் எதிராளிக்கு. பக்கத்தில் பளபளப்பதால் 'செம வெளிச்சம்' என்று ஓட்டுபவர் ஏமாந்துபோகிறார். எச்ஐடி (இழை இல்லாமல் வாயுவில் மின்பொறியால் எரியும் பல்பு) கிட்டும் இதே கதைதான், அளவில் இன்னும் மோசம். வெளிச்சத்தை லூமென் என்ற அலகில் அளப்பார்கள். எச்4 லோ பீம் சுமார் 1,000 லூமென். 35 வாட் எச்ஐடி பல்பு சுமார் 3,200. ஐநா வாகன விதிகள் 2,000 லூமெனைத் தாண்டிய லோ பீம் விளக்குகளுக்குத் கோணத்தைத் தானாகச் சமன்செய்யும் அமைப்பையும் லென்ஸ் கழுவும் கருவியையும் கட்டாயமாக்கியது இதனால்தான். கிட் வாங்குபவருக்கு இரண்டும் வருவதில்லை.

இப்படி மாற்றுவதற்குப் பல நாடுகளில் அனுமதி இல்லை. அனுமதி உள்ள இடத்தில் மாட்டியே தீருவேன் என்றால், எச்4 வகையில் சிப்கள் இடமும் வலமும் பார்க்க, தகடு கீழே இருக்கும்படி பூட்டுங்கள். பிறகு சுவரில் அடித்துப் பாருங்கள். கோடு தெளிவாக வரவில்லை என்றால் கழற்றிவிடுங்கள். வேறு வைத்தியம் கிடையாது.

100 வாட் பல்புக்கு முன் ஒரு மல்டிமீட்டர்

55/60 வாட்டுக்குப் (லோ பீம்/ஹை பீம்) பதில் 90/100 வாட் போடுபவர்கள் மறந்துவிடுவது வெப்பத்தை. 55 வாட்டுக்கு 4.6 ஆம்பியர் ஓடிய கம்பியில் 90 வாட்டுக்கு 7.5 ஆம்பியர் ஓடும். ஹோல்டர் உருகும், சுவிட்ச் கருகும், ரிஃப்ளெக்டரின் பளபளப்பான பூச்சு மங்கும். பூச்சு போனபின் பழைய பல்பைத் திரும்பப் போட்டாலும் முன்பிருந்த வெளிச்சம் வராது.

வெளிச்சம் மங்கலாக இருக்கிறதென்றால் முதலில் மல்டிமீட்டரால் வோல்டேஜைப் பாருங்கள். ஹாலஜன் பல்பில் வோல்டேஜ் 5% குறைந்தால் வெளிச்சம் சுமார் 16% குறையும். இன்ஜின் ஓட, விளக்கு எரிய, பேட்டரி முனையில் ஒரு அளவு, ஹோல்டரில் ஒரு அளவு எடுங்கள். வித்தியாசம் அரை வோல்ட்டைத் தாண்டினால் பல்பில் குறை இல்லை. எர்த் (வண்டியின் உலோக உடலோடு இணையும் கம்பி) முனை துருப்பிடித்திருக்கும், அல்லது சுவிட்ச் முனை தேய்ந்திருக்கும். எர்த் முனையைச் சுரண்டி இறுக்குவதும், ரிலே (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் சுவிட்ச்) வைத்துப் பேட்டரியிலிருந்து நேராகக் கம்பி இழுப்பதும் பல வண்டிகளில் புதுப் பல்பு மாட்டியதுபோன்ற மாற்றத்தைத் தரும். நீல நிறம் பூசிய 'சூப்பர் வெள்ளை' பல்புகளைப் பற்றி ஒரு வார்த்தை: அந்தப் பூச்சு ஒரு வடிகட்டி, வெளிச்சத்தில் ஒரு பங்கை அதுவே விழுங்கிவிடும்.

கோணம் பார்க்காமலே ஓட்டுவது

பல வண்டிகளில் ஹெட்லைட் கூட்டிலேயே 1.0% அல்லது 1.2% போன்ற ஒரு எண் பொறித்திருக்கும். 1% என்றால் பத்து மீட்டர் தூரத்தில் கோடு 10 செ.மீ. இறங்க வேண்டும் என்று பொருள். வீட்டிலேயே பார்க்கலாம். டயரில் சரியான காற்று, ஓட்டுநர் இருக்கையில் ஒரு ஆள், சமதளம், எதிரே சுவர். விளக்கின் கோணத்தை உள்ளிருந்தே மாற்றும் லெவலிங் சக்கரம் இருந்தால் 0-வில் வையுங்கள். வண்டியைச் சுவரை ஒட்டி நிறுத்தி, இரண்டு விளக்குகளின் மையத்தையும் டேப்பால் குறியுங்கள். நேராக 5 மீட்டர் பின்னால் வந்து, வண்டியின் முன்பக்கத்தை இரண்டு முறை அழுத்திவிட்டு லோ பீம் போடுங்கள். கோடு, குறிக்கு 5 செ.மீ. கீழே இருக்க வேண்டும். கோடு மேலேறத் தொடங்கும் மடிப்பு மையக்குறிக்கு நேராக வர வேண்டும். விளக்கின் பின்புறம் இருக்கும் திருகுகளில் ஒன்று மேல்–கீழ், இன்னொன்று இடம்–வலம். ஒரு விளக்கைத் துணியால் மூடிவிட்டு மற்றதைத் திருப்புங்கள். ஹை பீமை வைத்துக் கோணம் பார்க்கக் கூடாது.

இவ்வளவும் செய்துவிட்டு, டிக்கி நிறையச் சுமை ஏற்றினால் பின்பக்கம் அமுங்கி மூக்கு தூக்கும். ஒரு டிகிரி தூக்கினாலே 65 செ.மீ. உயரத்தில் உள்ள விளக்கின் கோடு, 70 மீட்டர் தூரத்தில் தரையிலிருந்து ஏறத்தாழ 1.2 மீட்டருக்கு எழும். சிறிய காரோட்டியின் கண் மட்டம் அது. லெவலிங் சக்கரத்தில் 0, 1, 2, 3 என்று எழுதியிருப்பது இதற்காகத்தான். எண் கூடக்கூட வெளிச்சம் இறங்கும். பொதுவாக ஓட்டுநர் மட்டும் என்றால் 0, எல்லா இருக்கையிலும் ஆள் என்றால் 1, அதோடு சாமானும் என்றால் 2. ஓட்டுநரும் டிக்கி நிறையச் சுமையும் என்றால் 3. உங்கள் வண்டிக்குரியது கையேட்டில் இருக்கும். பைக்கில் பின்னால் ஆள் ஏறும்போதும் இதே கதிதான். பின் ஷாக்கின் ஸ்பிரிங்கை ஒன்றிரண்டு படி இறுக்கினால் முன்விளக்கு மீண்டும் குனியும்.

மஞ்சளடித்த பிளாஸ்டிக் லென்ஸும் கோட்டைக் கலைத்துவிடும். 800, 1500, 2000, 3000 என்ற வரிசையில் தண்ணீர் விட்டு உப்புத்தாள் தேய்த்து, பாலிஷ் போட்டு, கடைசியில் புற ஊதாக் கதிர் தாங்கும் கிளியர் கோட் அடிக்க வேண்டும். அதை அடிக்காமல் விட்டால் சில மாதங்களில் மறுபடியும் மஞ்சள். பற்பசை வைத்தியம் அதைவிடச் சீக்கிரம் போய்விடும்.

டிம் சுவிட்ச் நெம்புகோலில் இருக்கும் கை

ஆளாளுக்கு 80 கி.மீ. வேகத்தில் எதிரெதிரே வரும் இரண்டு வண்டிகள் விநாடிக்கு 44 மீட்டர் நெருங்குகின்றன. 150 மீட்டரில் டிம் செய்தால் கடக்க மூன்றரை விநாடிகூட இல்லை. அதற்குள் எதிராளியின் கண் ஏற்கெனவே கூசிவிட்டது. விளக்கு தெரிந்ததுமே டிம் செய்யுங்கள். மேட்டிலும் வளைவிலும் வண்டி தெரிவதற்கு முன்பே அதன் ஒளிவட்டம் தெரியும். அதுவே போதுமான அறிவிப்பு. முன்னால் போகும் வண்டியை நெருங்கும்போதும் ஹை பீம் கூடாது. அவருக்கு மூன்று கண்ணாடியிலும் அது எரியும். நடப்பவரிடமும் சைக்கிளில் வருபவரிடமும் திருப்பி அடிக்க ஹெட்லைட் இல்லை என்பதால் அவர்களுக்கு யாரும் டிம் செய்வதில்லை; கேமரா பார்த்துத் தானே டிம் செய்யும் தானியங்கி ஹை பீமும் பெரும்பாலும் அவர்களைக் கவனிக்காது. சாலைத் தடுப்பு ஒரு லாரியின் ஹெட்லைட்டை மறைத்தால், மேலே உட்கார்ந்திருக்கும் டிரைவரும் அந்தக் கேமராவுக்குத் தெரியமாட்டார். அங்கெல்லாம் கையால்தான் டிம் செய்ய வேண்டும்.

எதிராளி டிம் செய்யவில்லை என்று நாமும் ஹை பீமை ஏற்றி நிறுத்துவது, ஒரு குருடருக்குப் பதில் இரண்டு குருடர்களை ரோட்டில் விடுவது. ஒருமுறை சட்டென்று சிமிட்டிக் காட்டலாம், அவ்வளவுதான். அவர் கேட்கவில்லை என்றால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, பார்வையை உங்கள் பக்கத்து ஓரக்கோட்டுக்கு மாற்றுங்கள். கூச்சம் தெளிய ஐந்து விநாடி ஆனால், 80 கி.மீ. வேகத்தில் அதற்குள் 110 மீட்டர் போயிருப்போம். வயது கூடக்கூட இந்த நேரமும் கூடும்.

மூடுபனியில் ஹை பீம் போட்டால் நீர்த்துளிகளில் பட்டு நம் கண்ணுக்கே வெள்ளைச் சுவராகத் திரும்பி வரும். பின் ஃபாக் லைட்டைப் பனி விலகியதும் அணைக்காமல் விட்டால், பிரேக் விளக்கு எரிவதே பின்னால் வருபவருக்குத் தெரியாது. சிக்னலில் நீண்ட நேரம் நிற்கும்போது, பிரேக் விளக்கு பின்னால் நிற்பவர் கண்ணை உறுத்தாமல் இருக்க, பிரேக்கில் காலை வைத்திருப்பதற்குப் பதில் ஹேண்ட்பிரேக் போடலாம். சைக்கிள் விளக்கை நேர்மட்டத்தில் கட்டாமல், வெளிச்சத்தின் நடு சுமார் பத்து மீட்டரில் தரையைத் தொடும்படி சாய்க்க வேண்டும்.

கூசுவது நமக்கென்றால், எல்லாப் பழியையும் எதிராளி மேல் போடும் முன் விண்ட்ஷீல்டின் உள்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். விரலில் ஒட்டும் எண்ணெய்ப் படலம் ஒவ்வொரு ஹெட்லைட்டையும் பூதாகரமாக்கும். கார் உள்கண்ணாடியின் அடியில் இருக்கும் சிறு நெம்புகோலைப் பலர் தொட்டதே இல்லை. அதைத் தள்ளினால் கண்ணாடி இரவு நிலைக்கு மாறி, பின்வண்டியின் வெளிச்சத்தில் ஒரு சிறு பங்கு மட்டும் கண்ணுக்கு வரும்.