விப் லிமிட்டை டீம் மீறாமல் இருக்க

கான்பான் போர்டில் (வேலைகளைக் கார்டுகளாகக் கட்டம் கட்டமாக நகர்த்தும் பலகை) ‘டெஸ்டிங் - 3’ என்று எழுதி வைத்திருப்பீர்கள். அந்தக் கட்டத்தில் ஒரே நேரத்தில் 3 வேலைக்கு மேல் இருக்கக் கூடாது என்று அர்த்தம், இந்த உச்சவரம்புதான் விப் (WIP) லிமிட். ஆனால் இரண்டாவது வாரமே அந்தக் கட்டத்தில் 7 கார்டு நிற்கும். ஜிராவில் (இந்தப் போர்டைக் கணினியில் வைக்கும் மென்பொருள்) லிமிட் போட்டால், அதை மீறும்போது கட்டம் சிவப்பாகும், அவ்வளவுதான், எட்டாவது கார்டை அது தடுக்காது.

டீமுக்கு ஒழுங்கில்லை என்று திட்டாதீர்கள். லிமிட் நிரம்பிய நேரத்தில் தன் வேலையை முடித்துவிட்டு நிற்பவர் அடுத்து என்ன செய்யணும் என்று நாம் சொல்லவே இல்லை. சும்மா உட்கார்ந்திருப்பதாக யாராவது நினைத்துவிடுவார்களோ என்று பயந்து அவர் புது டிக்கெட்டை, அதாவது புது வேலைக் கார்டை, எடுக்கிறார். அதனால் முதல் வேலை, போர்டுக்குப் பக்கத்திலேயே எழுதி ஒட்டுங்கள்: ரிவ்யூவுக்குக் காத்திருக்கும் ‘கோட்’-ஐப் பார், டெஸ்டரோடு உட்கார், தடைபட்ட கார்டுக்கு யாரைப் பிடிக்கணுமோ பிடி. இது எதுவும் இல்லையென்றால் சும்மா இருந்தாலும் தப்பில்லை, புதுசு மட்டும் எடுக்காதே.

எங்கள் டீமில் ஒரு வியாழக்கிழமை பேமென்ட் பக்கத்தை முடித்த டெவலப்பர், டெஸ்டிங்கில் இடமில்லாததால் டெஸ்டர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு கார்டுக்கும் அந்தப் பெண் டெஸ்ட் டேட்டாவைக் கையாலேயே முக்கால் மணி நேரம் அடித்துக்கொண்டிருந்தது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. சாயங்காலத்துக்குள் ஒரு ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுத்தார், மறுநாள் மதியம் கட்டம் காலி. புது டிக்கெட் எடுத்திருந்தால் இது யார் கண்ணிலும் பட்டிருக்காது.

மேலே இருப்பவர்களுக்குக் கணக்காகக் காட்டுங்கள். லிட்டில் விதி என்று ஒன்று உண்டு, ஜான் லிட்டில் 1961-இல் நிரூபித்தது: கையில் இருக்கும் வேலையை, வாரத்துக்கு முடியும் வேலையால் வகுத்தால், ஒரு வேலை முடிய ஆகும் சராசரிக் காலம். 12 வேலை கையில், வாரம் 3 முடிகிறது என்றால் 4 வாரம். அதே வேகத்தில் கையில் 6 மட்டும் இருந்தால் 2 வாரம்.

எண்ணை நீங்களாக முடிவு பண்ணித் திணிக்காதீர்கள். இப்போது நிஜமாக எத்தனை ஓடுகிறது என்று டீமோடு உட்கார்ந்து எண்ணுங்கள், 14 என்றால் 14-இலேயே ஆரம்பித்து இரண்டு வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ குறையுங்கள்.

அப்புறம், ‘ஹோல்டு’ என்று தனிக் கட்டம் போடவே போடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். நின்றுபோன கார்டெல்லாம் அங்கே போய் ஒளிந்துகொள்ளும், லிமிட் பச்சையாகத் தெரியும், வாடிக்கையாளருக்கு மட்டும் எதுவும் போய்ச் சேராது. தடைபட்ட கார்டும் தன் இடத்திலேயே நின்று எண்ணிக்கையில் சேரட்டும், அது உறுத்தினால்தான் யாராவது போனை எடுப்பார்கள். தினசரி ஸ்டாண்டப் கூட்டத்திலும் போர்டை வலமிருந்து இடமாகப் பாருங்கள், முடியப்போகிற வேலையைப் பற்றி முதலில் பேசலாம்.

அவசரத்துக்கு ஒரே ஓர் இடம் ஒதுக்குங்கள். அது நிரம்பியபின் இன்னொரு அவசரம் வந்தால், “சரி, இதில் எதை நிறுத்தட்டும்?” என்று கேட்பது லீடின் பொறுப்பு, அதை டெவலப்பர் தலையில் கட்டாதீர்கள்.

இவ்வளவுக்கும் பிறகு லிமிட் மீறினால், ஏன் என்று அந்தக் கார்டிலேயே ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். ஒரே காரணம் மூன்று தடவை வந்தால், எண்ணை மாற்றணுமா, இல்லை அந்தக் கட்டத்துக்கு இன்னோர் ஆள் வேண்டுமா என்று எல்லோரும் இருக்கும்போதே பேசி முடிவெடுங்கள்.