ஆலங்கட்டிக்குள் இருக்கும் வளையங்களைப் படமெடுப்பது எப்படி?

இயற்கையான பனிக்கட்டியைப் படமெடுக்கலாம் என்றால், நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஏரி உறையாது. ஓசூர் மார்கழிக் குளிரிலும் உறையாது. ஆனால் கோடையில் இடியோடு இறங்கும் ஆலங்கட்டி இருக்கிறதே, அது வானத்தில் தானாக உருவான அசல் பனிக்கட்டி. நெல்லிக்காய் அளவு கட்டி ஒன்று கிடைத்தால் போதும், அதன் உள்ளே எத்தனையோ படம் எடுக்கலாம்.

முதலில் பொறுக்குவது. இடியும் மின்னலும் முழுசாக ஓயும்வரை வெளியே போகவே வேண்டாம். ஓய்ந்ததும் புல்லிலும் வைக்கோல் போரிலும் தேடுங்கள். வெயிலில் காய்ந்த சிமெண்ட் தரையில் விழுந்தது அதற்குள் கரைந்திருக்கும். காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்பில் தேடுகிறீர்கள் என்றால், அதே மழையில் தோப்புக்காரருடைய காய்கள் உதிர்ந்து கிடக்கும். அதை விசாரித்துவிட்டு, அனுமதி கேட்டு எடுங்கள்.

எடுத்ததை இறுக்கமாக மூடும் டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். திறந்து வைத்தால் பனிக்கட்டி நீராகாமலே ஆவியாகி நாளடைவில் தேய்ந்துவிடும்.

அடுத்தது கட்டியைத் தேய்த்து மெல்லிய வில்லையாக்குவது. எல்லாமே இதில்தான் இருக்கிறது. முழுக்கட்டியை அப்படியே படமெடுத்தால் வெறும் வெள்ளை உருண்டைதான் தெரியும். ஒரு கண்ணாடித் துண்டையும் ஃப்ரீசரில் குளிரவிடுங்கள். எவர்சில்வர் தட்டை வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து, கை பொறுக்கும் சூட்டில் அதில் கட்டியைத் தேய்த்தால் ஒரு பக்கம் தட்டையாகும். பாதிவரை தேய்த்ததும் அந்தப் பக்கத்தைக் கண்ணாடியில் அழுத்தி, ஒட்டிக்கொள்ளும்வரை மறுபடி ஃப்ரீசரில் வையுங்கள். பிறகு மறுபக்கத்தையும் தேய்த்து ஓரிரு மில்லிமீட்டர் கனத்துக்குக் கொண்டுவாருங்கள். அவசரப்படாதீர்கள். சாதாரண ஐஸ் கட்டியில் முதலில் பழகிக்கொள்வது நல்லது.

இப்போது வளையங்கள் தெரியும். மேகத்துக்குள் பூஜ்ஜியத்துக்குக் கீழே போயும் உறையாத நீர்த்துளிகள் கட்டியில் மோதிய உடனே உறைந்தால், காற்றுக்குமிழ்கள் சிக்கிப் பால் நிறமாகும். மெதுவாக உறைந்தால் குமிழ்கள் வெளியேறி, அந்தப் பகுதி தெளிவாக இருக்கும். மரத்தின் ஆண்டு வளையம் மாதிரி, கட்டி வளர்ந்த கதை அதில் பதிந்திருக்கிறது.

வெளிச்சத்துக்கு வருவோம். என் தேர்வு கறுப்புத் துணிதான். கண்ணாடியைத் துணிக்கு மேலே கொஞ்சம் தூக்கி வைத்து, பக்கவாட்டிலிருந்து டார்ச் அடியுங்கள். குமிழ் வளையங்கள் வெள்ளையாக மின்னும், தெளிந்த பகுதி கறுப்பாகவே நிற்கும். பின்னாலிருந்து வெளிச்சம் கொடுத்தால் இது தலைகீழாகிக் குமிழ்கள் இருட்டாகத் தெரியும். அதுவும் அழகுதான், ஆனால் ஆழம் குறைவு.

கைபேசி என்றால், மிக அருகிலிருந்து எடுக்க உதவும் கிளிப் மேக்ரோ லென்ஸ் மாட்டி, திரையை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டி, இரண்டு விநாடி டைமரில் எடுங்கள். கேமரா என்றால் ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 100 அல்லது 200, லென்ஸ் துவாரம் எஃப்/8, கட்டாயம் டிரைபாட். லென்ஸ் வில்லைக்கு நேர் எதிரே இருக்கட்டும். சாய்ந்தால் ஒரு ஓரம் மங்கும். மேலே வெண்பனி படிந்தால் ஈர விரலால் ஒருமுறை தடவுங்கள், தெளிந்துவிடும். கட்டியின் ஓரம் படத்தில் தெரியாதபடி நெருங்கிப் போங்கள். ஓரம் தெரிந்தால் அது ஆலங்கட்டியின் படம்; தெரியாவிட்டால் வெறும் வடிவம், பார்ப்பவர் கண் அதற்குள்ளேயே சுற்றும்.

நிறம் வேண்டுமா? லேப்டாப்பின் எல்சிடி திரையில் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, வில்லை ஒட்டிய கண்ணாடியைத் துணி கிளிப்பால் பிடித்து ஒரு சாண் முன்னால் நிறுத்துங்கள். சொட்டும் நீருக்குக் கீழே தட்டு வையுங்கள். அந்தத் திரையின் ஒளி ஏற்கெனவே ஒரே திசையில் அதிர்வது. லென்ஸ் முன்னால், ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் போலரைசர் ஃபில்டரையோ போலராய்டு கூலிங்கிளாஸையோ வைத்து, திரை இருட்டாகும்வரை திருப்புங்கள். இருட்டுக்கு நடுவே பனிப்படிகம் ஒவ்வொன்றும் தனித்தனி நிறத்தில் எழும். வில்லை தடித்திருந்தால் நிறம் வெளிறும்; ஒரு மில்லிமீட்டரோ அதற்கும் குறைவோ ஆகும்போதுதான் நீலமும் ஊதாவும் அழுத்தமாகக் கிடைக்கும். கண்ணாடிக்குப் பதில் பிளாஸ்டிக் வைக்காதீர்கள், பிளாஸ்டிக்கே நிறம் காட்டிக் குழப்பும்.

நம் ஊர்ச் சூட்டில் வில்லை சில நிமிடம்தான் தாங்கும். அதனால் கேமரா, டார்ச், லேப்டாப் எல்லாவற்றையும் சரிசெய்து, ஒரு ஐஸ் துண்டை வைத்து ஃபோகஸ் பார்த்த பிறகே ஃப்ரீசரைத் திறங்கள்.