காருக்குப் பின்னால் சின்ன டிரெய்லர்: வெல்டிங் பட்டறைக்குப் போகும் முன்

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி ஊர்களில் டிரெய்லர் புதிதல்ல. தோட்டத்துக்குள் டிராக்டருக்குப் பின்னால் செம்பனைக் குலைகளை ஏற்றிக்கொண்டு, எண் பலகையும் விளக்கும் இல்லாமல் அது ஓடுவதைச் சின்ன வயதிலிருந்தே பார்த்திருக்கிறோம். அதனால்தான் உரமூட்டை, கல்யாணச் சமையல் பாத்திரம், படகு என்று எதையாவது காருக்குப் பின்னால் இழுக்க நினைப்பவர் நேரே வெல்டிங் பட்டறைக்குப் போய்விடுகிறார். பெட்டி தயாரான பிறகுதான் ஜே.பி.ஜே. (சாலைப் போக்குவரத்துத் துறை) நினைவுக்கு வருகிறது. வரிசை தலைகீழாகிவிட்டது என்பது அப்போதுதான் புரிகிறது.

1987-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் (சட்டம் 333) 'மோட்டார் வாகனம்' என்ற சொல்லுக்குத் தரும் விளக்கத்தைப் பாருங்கள். தன் இயந்திரத்தால் ஓடும் வண்டியோடு அது நிற்பதில்லை. மோட்டார் வாகனம் இழுத்துச் செல்லும் வண்டியையும் அதே சொல்லுக்குள் சேர்க்கிறது. இன்ஜினே இல்லாத இரும்புப் பெட்டியும் சட்டத்துக்கு மோட்டார் வாகனம்தான். ஆகவே காருக்கு வேண்டியதெல்லாம் பெட்டிக்கும் வேண்டும்: 7-ஆம் பிரிவின்படி பதிவு, 14-ஆம் பிரிவின்படி எண் பலகை, 15-ஆம் பிரிவின்படி ரோட்டெக்ஸ் (சாலை வரி), 90-ஆம் பிரிவின்படி மூன்றாம் தரப்புக் காப்புறுதி. காரின் எண்ணையே இன்னொரு பலகையில் எழுதிப் பெட்டியின் பின்னால் மாட்டுவது பிரிட்டனில் நடக்கும் வழக்கம். அதை இங்கே காப்பியடிக்க வேண்டாம். லோரி இழுக்கும் பெரிய டிரெய்லர்களின் பின்பக்கத்தைக் கவனித்தால் 'T' எழுத்தில் தொடங்கும் தனி எண் தெரியும்.

"நான் பெரிய ரோட்டுக்கே போகமாட்டேன், தோட்டச் சாலைதான்" என்பது அடுத்து வரும் பதில். பொதுச் சாலை மட்டுமல்ல, பொதுமக்கள் போய்வரும் வேறெந்தச் சாலையும் இந்தச் சட்டத்தில் 'சாலை'தான். தனியார் பராமரிக்கும் தனியார் சாலையைச் சட்டம் விலக்கினாலும், தமிழ்ப்பள்ளிக்கும் கோயிலுக்கும் ஊரே போய்வரும் செம்மண் பாதை அதில் சேரும் என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள், ஜே.பி.ஜே.யிடம் கேளுங்கள். கேட் போட்டு, காவலாளி வைத்து, வெளியாரை உள்ளே விடாத பாதையின் கதை வேறு.

முதலில் திறக்க வேண்டியது காரின் கையேடு. இழுக்கக்கூடிய எடை எவ்வளவு என்று அதில் தேடுங்கள். 'இந்தக் கார் இழுப்பதற்கு உகந்ததல்ல' என்று எழுதியிருந்தால் பேச்சு அங்கேயே முடிந்தது; பட்டறைக்காரர் எவ்வளவு தடித்த இரும்பைப் போட்டுக் கொக்கி செய்து தந்தாலும் காரின் கியர்பெட்டியும் பிரேக்கும் மாறப்போவதில்லை. எடை கொடுத்திருந்தால் அதில் இரண்டு எண்கள் இருக்கலாம். ஒன்று, பிரேக் உள்ள டிரெய்லருக்கு. மற்றது, பிரேக் இல்லாததற்கு. நம் ஊர்ப் பெட்டிகளில் பெரும்பாலும் பிரேக் இருக்காது என்பதால் சின்ன எண்ணைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஐரோப்பாவில் பிரேக் இல்லாத டிரெய்லருக்கு ஓர் அளவு உண்டு: சரக்கோடு சேர்ந்த எடை காரின் வெற்று எடையில் பாதியைத் தாண்டக்கூடாது, எப்படியும் 750 கிலோவுக்கு மேல் போகக்கூடாது. இங்கேயும் மனதில் வைத்துக்கொள்ளத் தகுந்த அளவுதான். 1000 கிலோ எடையுள்ள சிறிய கார், 200 கிலோ எடையுள்ள பெட்டி என்று வையுங்கள். பாதி என்றால் 500 கிலோ. பெட்டி போக மிச்சம் 300. ஐம்பது கிலோ உரமூட்டை ஆறு. எட்டு மூட்டை ஏற்றினால் மொத்தம் 600 ஆகிவிடும். கார் அதை இழுக்கத்தான் செய்யும். நிறுத்துவதில்தான் தகராறு. ஆறு மூட்டை போதாது என்றால் பிரேக் உள்ள டிரெய்லர் வாங்குங்கள், அல்லது பிக்கப்புக்கு மாறுங்கள்.

கணக்கு சரிவந்த பிறகு ஜே.பி.ஜே. பெட்டி இன்னும் தாளில் இருக்கும்போதே போக வேண்டும் என்பதுதான் இங்கே முக்கியம். நீள அகல உயரம், வெற்று எடை, அதிகபட்ச எடை, அச்சு தாங்கும் அளவு, டயர் அளவு, கொக்கியின் வகை, விளக்குகளும் பிரதிபலிப்பான்களும் இருக்கும் இடம் ஆகியவற்றோடு ஒரு வரைபடம் கொண்டுபோங்கள். மாநில அலுவலகத்தில் தெளிவான பதில் கிடைக்காவிட்டால், கட்டமைப்புத் தொடர்பான விஷயங்களைக் கவனிக்கும் வாகனப் பொறியியல் பிரிவிடம் எழுத்தில் கேளுங்கள். காரில் கொக்கி பொருத்துவதற்கும் ஒப்புதல் வேண்டுமா என்பதை அதே கடிதத்தில் சேர்த்துவிட்டால் ஒரு நடை மிச்சம். ஒப்புதல் வந்த வரைபடத்தைப் பட்டறைச் சுவரில் ஒட்டி, அதன்படியே வெல்டிங் செய்யச் சொல்லுங்கள். பரிசோதனை நாளில் பெட்டி ஓர் அடி நீண்டிருந்தால் வெட்டுவது உங்கள் செலவு.

பழையது வாங்குபவருக்கு வேலை குறைவு, ஆபத்து அதிகம். கெரான் (வாகனப் பதிவுச் சான்று) இல்லாத டிரெய்லருக்குக் காசு கொடுக்காதீர்கள். கெரான் இருந்தால் அதிலுள்ள சேசிஸ் எண்ணைப் பெட்டியின் இரும்புச் சட்டகத்தில் பொறித்திருக்கும் எண்ணோடு விரலால் தொட்டுத் தொட்டு ஒப்பிடுங்கள். மேலே புதுச் சாயம் அடித்திருந்தால் சுரண்டிப் பாருங்கள். "பேப்பர் எல்லாம் பின்னால வரும்" என்றால் வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

லைசன்ஸ்: 'D' வகுப்பு, வெற்று எடை 3500 கிலோவுக்கு மேற்படாத மோட்டார் காருக்கானது. டிராக்டருக்கு வேறு வகுப்பு. காருக்கான லைசன்ஸை வைத்துக்கொண்டு தோட்டத்து டிராக்டரையும் அதன் டிரெய்லரையும் சாலைக்குக் கொண்டுவர முடியாது.

காப்புறுதியில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். காப்புறுதி இல்லாமல் ரோட்டெக்ஸ் எடுக்க முடியாது என்பது எல்லாருக்கும் தெரியும். காரின் பாலிசி டிரெய்லருக்குத் தானாக நீண்டுவிடும் என்று நினைப்பதுதான் தப்பு. சொந்தக் காருக்கான வழக்கமான பாலிசியில் 'பயன்பாட்டு வரம்பு' என்று ஒரு பகுதி இருக்கும். வாடகைக்கு ஓட்டுவதும், மாதிரிப் பொருள் தவிர வியாபாரச் சரக்கு ஏற்றுவதும் அதில் விலக்கப்பட்டிருக்கும். வீட்டுத் தோட்டத்துக்கு உரம் கொண்டுவருவது ஒன்று. சமையல் ஒப்பந்தக்காரர் அண்டா குண்டான்களோடு மண்டபம் மண்டபமாக ஓடுவது வேறு. எதற்கு, எவ்வளவு எடை, எத்தனை தடவை என்று எழுதிக் கொடுத்து, பாலிசியோடு இணைக்கப்படும் தாளைக் கையில் வாங்குங்கள். ஏஜெண்ட் தொலைபேசியில் சொன்ன "போலே" (முடியும்) விபத்துக்குப் பிறகு உதவாது. 90-ஆம் பிரிவை மீறினால் 1000 ரிங்கிட் வரை அபராதம், 3 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அதோடு 12 மாதம் லைசன்ஸ் போகவும் வாய்ப்புண்டு. மோதிய மற்றவரின் மருத்துவச் செலவு இதில் சேராது.

அடுத்தவர் சரக்கைக் காசுக்கு ஏற்றினால் இன்னொரு சட்டம் வருகிறது. 2010-ஆம் ஆண்டின் தரைப் பொதுப் போக்குவரத்துச் சட்டத்தின் (சட்டம் 715) கீழ் தீபகற்பத்தில் அபாட் (தரைப் பொதுப் போக்குவரத்து நிறுவனம்) கொடுக்கும் 'ஏ' வகைச் சரக்கு லைசன்ஸ் அதற்கு வேண்டும். "எண்ணெய்க் காசு மட்டும்தான் வாங்கினேன்" என்று சொல்லித் தப்பிக்கலாம் என எண்ண வேண்டாம்.

இனி இரும்பு வேலை. கொக்கி காரின் சேசிஸில் போல்ட் போட்டு இறுக்கப்பட வேண்டும், பம்பரில் அல்ல. உருண்டையும் அதன் மேல் உட்காரும் கிண்ணமும் ஒரே அளவாக இருப்பது கட்டாயம். சந்தையில் 50 மில்லிமீட்டரும் உண்டு, இரண்டு அங்குலமும் (50.8) உண்டு, 1⅞ அங்குலப் பழைய ரகமும், அதாவது ஏறக்குறைய 47.6 மில்லிமீட்டரும் உண்டு. கண்ணுக்கு மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரியும். இரண்டு அங்குலக் கிண்ணத்தைச் சின்ன உருண்டையில் மாட்டினால் பூட்டிக்கொண்டதுபோல் சத்தம் வரும். முதல் வேகத்தடையிலேயே எகிறிவிடும். அளவு கிண்ணத்தின் மேலேயே பொறித்திருக்கும், படித்துப் பாருங்கள். மாட்டிய பிறகு முன்சக்கர ஜாக்கைச் சுற்றுங்கள். காரின் பின்பக்கமும் சேர்ந்து இரண்டு விரல் உயர்ந்தால் பூட்டு பிடித்திருக்கிறது.

பாதுகாப்புச் சங்கிலி இரண்டு வேண்டும். இடது வலதாகக் குறுக்கே போட்டு மாட்டுங்கள். கொக்கி கழன்றால் முன்தண்டு அந்தக் குறுக்கில் விழுந்து தொங்கும், தாரில் குத்தாது. வளைவில் இழுபடாத அளவுக்குத் தளர்வு, தரையில் உரசாத அளவுக்கு இறுக்கம். சங்கிலியை உருண்டையின் கழுத்தில் சுற்றுவதைப் பல இடங்களில் பார்க்கலாம். உருண்டையே முறிந்தால் சங்கிலி எதைப் பிடித்துக்கொள்ளும்?

விளக்கு: பின்னால் சிவப்பு இரண்டு, பிரேக் விளக்கு இரண்டு, மஞ்சள் சிக்னல் இரண்டு, எண் பலகைக்கு ஒரு வெள்ளை விளக்கு, சிவப்பு முக்கோணப் பிரதிபலிப்பான் இரண்டு. ஏழு ஊசிப் பிளக்கின் இணைப்பு:

1 – மஞ்சள் – இடது சிக்னல்
2 – நீலம் – பின்பக்க மூடுபனி விளக்கு (இங்கே பெரும்பாலும் காலி)
3 – வெள்ளை – எர்த்
4 – பச்சை – வலது சிக்னல்
5 – பழுப்பு – வலது பின்விளக்கு
6 – சிவப்பு – பிரேக்
7 – கறுப்பு – இடது பின்விளக்கு

இடது சிக்னல் போட்டால் எல்லா விளக்கும் சேர்ந்து மினுக்குகிறதா? பத்துக்கு ஒன்பது தடவை வெள்ளை வயர்தான் காரணம். எர்த் மின்சாரம் கொக்கி வழியாகப் போகட்டும் என்று விட்டிருப்பார்கள்; அங்கே கிரீஸும் துருவும்தான் இருக்கும். தனி வயரை சேசிஸில் சுரண்டிய இடத்தில் இறுக்குங்கள். சிக்னல் வழக்கத்தைவிட வேகமாகத் துடித்தால் பல்பு ஒன்று போயிருக்கும், அல்லது எல்.இ.டி. குறைவாக மின்சாரம் இழுப்பதை ரிலே பல்பு போனதாக எடுத்துக்கொள்கிறது. கணினி கட்டுப்படுத்தும் புதுக் கார்களில் பின்விளக்கு வயரை அறுத்து ஒட்டுவது கூடாது. தனி மின்சாரம் எடுக்கும் டிரெய்லர் மாட்யூல் வையுங்கள்.

டயர் ஓரத்தில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம். டிரெய்லர் டயர் தேய்ந்து போவதில்லை, வெயிலில் நின்றே வெடித்துப் போகிறது. படகு இழுப்பவர்கள் சக்கர பேரிங்கையும் பார்க்க வேண்டும்: ஓடிச் சூடான அச்சு தண்ணீரில் இறங்கியதும் உள்ளே தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும், கிரீஸ் பால்போல வெளுத்துவிடும்.

சரக்கு ஏற்றுவதில்தான் உயிர் இருக்கிறது. கொக்கியின் மேல் இறங்கும் எடை மொத்தத்தில் 5 முதல் 10 விழுக்காடு இருக்கட்டும். 500 கிலோவுக்கு 25 முதல் 50 கிலோ. கொக்கிக்கான வரம்பும் கையேட்டில் இருக்கும், அதைத் தாண்டக்கூடாது. அளப்பது எளிது: சமதரையில் பெட்டியை நேர்மட்டமாக நிறுத்தி, உடல் எடை பார்க்கும் தராசின் மேல் ஒரு மரக்கட்டையை வைத்து, முன்தண்டை அதில் இறக்குங்கள். குறைந்தால் மூட்டையை அச்சுக்குச் சற்று முன்னால் நகர்த்துங்கள். கூடினால் பின்னால். ஆள் ஏற்றவே கூடாது, கோயில் திருவிழா நாளானாலும்.

டோல் வகுப்பு 1 என்பது இரண்டு அச்சு, மூன்று அல்லது நான்கு சக்கரம் உள்ள வண்டிக்கு. டிரெய்லர் சேர்ந்ததும் நீங்கள் அந்த வரையறைக்கு வெளியே. எந்த வகுப்பு என்று டோல் நிறுவனத்திடம் முன்கூட்டியே கேளுங்கள்.

கோலகங்சாரிலிருந்து ஈப்போ பக்கம் போகும்போது மெனோரா சுரங்கம் தாண்டி ஜெலப்பாங் வரை நீளமான இறக்கம். பிரேக் இல்லாத பெட்டி அங்கே காரைப் பின்னாலிருந்து தள்ளும். இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்து, இடது ஓரத்தில் இருங்கள். 80-க்கு மேல் போகவே வேண்டாம். பெட்டி வால் ஆட்டத் தொடங்கினால் பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள், எதிர்ப்பக்கம் ஸ்டீயரிங் ஒடிக்காதீர்கள். எண்ணெய்க் காலை எடுத்துவிட்டு ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்தால் வேகம் குறையக் குறைய ஆட்டம் அடங்கும். பிறகு அவசரப் பாதையில் நிறுத்தி எச்சரிக்கை விளக்கைப் போட்டு, கயிற்றை அவிழ்த்து, பின்னால் சரிந்து கிடக்கும் மூட்டைகளை முன்னால் கொண்டுவாருங்கள்.