பாசத்தில் பிடித்து இழுத்த தோள்: பக்கவாதத்துக்குப் பிறகு வீட்டில் நடக்கும் தவறுகள்

நார்க்கட்டிலில் படுத்திருப்பவரை எழுப்ப வேண்டும். ஒருவர் நல்ல கையைப் பிடிக்கிறார். இன்னொருவர் பக்கவாதத்தால் வராத கையின் அக்குளுக்குள் கையைக் கொடுத்து ஒரே தூக்காகத் தூக்குகிறார். நெல்லைப் பக்கத்து வீடுகளில் அடிக்கடி பார்க்கும் காட்சி இது. மூன்று வாரம் கழித்து, “தோளத் தொட்டாலே உயிர் போகுது” என்று அவர் சொல்லும்போது வாதம் மேலே ஏறிவிட்டதாகப் பேசிக்கொள்வார்கள். பெரும்பாலும் அது வாதம் ஏறிய வலி இல்லை, இழுத்த வலி.

தோள் மூட்டு, ஆழமில்லாத கிண்ணத்தில் உட்கார்ந்த பந்து மாதிரி. சுற்றியுள்ள தசைகள்தான் அதை இடத்தில் பிடித்து வைத்திருக்கின்றன. அந்தத் தசைகள் தளர்ந்துபோன முதல் சில வாரங்களில், தொங்கும் கையின் கனமே பந்தைக் கீழே இறக்கிவிடும். தோள் முனைக்குக் கீழே ஒரு விரல் பதியும் பள்ளம் தெரிந்தால் மூட்டு இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். அந்த நிலையில் கையைப் பிடித்து இழுத்தால் தசைநார் கிழியும்.

எழுப்பும்போது பிடிக்க வேண்டியது இடுப்பை. ஒரு கெட்டித் துண்டை இடுப்பில் சுற்றி முடிந்து, அதைப் பிடியுங்கள். வராத பக்கம் நின்று, அவர் முழங்கால் மடங்கிவிடாதபடி உங்கள் முழங்காலால் முட்டுக்கொடுங்கள். உட்கார்ந்திருக்கும்போது கைக்கு அடியில் மடியில் ஒரு தலையணை, மல்லாந்து படுக்கும்போது தோள்பட்டைக்கும் கைக்கும் அடியில் ஒரு தலையணை. கையைத் தாங்கக் கழுத்தில் மாட்டும் தூளியை நிற்கும்போதும் நடக்கும்போதும் மட்டும் போட்டால் போதும். நாள் முழுக்க மாட்டிவைத்தால் முழங்கை மடங்கிய வாக்கிலேயே இறுகும்.

ஊஞ்சல் கொக்கியில் கயிற்றைப் போட்டு, நல்ல கையால் இழுத்து வராத கையை மேலே தூக்கும் ‘கப்பி’ பயிற்சி ஊருக்கு ஊர் இருக்கிறது. அதை அவிழ்த்துவிடுங்கள். கை தோள் உயரத்தைத் தாண்டும்போது தோள்பட்டை எலும்பும் கூடவே சுழல வேண்டும். பக்கவாதத்தில் அது பெரும்பாலும் சரியாகச் சுழலாது. கயிறு மட்டும் கையைத் தூக்கினால் நடுவில் உள்ள தசைநார் நசுங்கும்.

பந்து அமுக்குவது

பார்க்க வருகிறவர்களில் ஒருவராவது ஸ்பாஞ்ச் பந்து வாங்கி வருவார். நாள் முழுக்க அமுக்கினால் கைக்குப் பலம் வரும் என்ற நம்பிக்கை. விரல்களை மடக்கும் தசைகள் பெரும்பாலும் ஏற்கெனவே இறுகிக்கொண்டிருக்கும். வராதது விரிப்பது. பிடித்த டம்ளரை விட முடியாமல் திண்டாடுகிறவருக்குப் பிடிப்பை இன்னும் கெட்டியாக்கி என்ன பயன்? மேசையில் முன்கையை வைத்து மணிக்கட்டை மேலே தூக்குவது, விரலை விரிப்பது, பிடித்ததை விடுவது ஆகிய மூன்றையும் பழக்க வேண்டும்.

இதற்குப் பல்லாங்குழியைவிட நல்ல சாமான் கடையில் கிடைக்காது. பதினான்கு குழி, ஒரு கை புளியங்கொட்டை. பலகையின் நடு, உடம்பின் நடுவுக்கு நேராக இருக்கட்டும். வராத பக்கத்தைக் கவனிக்காமலே விட்டுவிடும் நோயாளிக்கு, அந்தப் பக்கக் குழியில் கொட்டையைத் தேடுவதே பயிற்சிதான். புளியங்கொட்டை சின்னதாக இருந்தால் எலுமிச்சம்பழத்தில் தொடங்கி, கொட்டைப்பாக்குக்கு வந்து, பிறகு கொட்டைக்கு வாருங்கள். எடுக்கும்போது தோள் காதுவரை ஏறுகிறதா, நெஞ்சு முன்னால் சாய்கிறதா என்று பாருங்கள். கை நீளாதபோது உடம்பைச் சாய்த்துச் சமாளிப்பார்கள். முதுகை நாற்காலியில் ஒட்டி உட்காரச் சொன்னால் கை நீண்டே ஆக வேண்டும்.

எண்ணிக்கைதான் பலரும் கோட்டைவிடும் இடம். அமெரிக்காவிலும் கனடாவிலும் சிகிச்சை நேரங்களை உட்கார்ந்து எண்ணிப் பார்த்து 2009-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு அமர்வில் கைக்குக் கிடைத்த பயனுள்ள அசைவுகள் சராசரியாக 32. விலங்குகளின் மூளையில் மாற்றம் தெரிந்த சோதனைகளில் ஒரு நாளைக்குச் செய்யவைத்தது 400 முதல் 600. பிசியோதெரபிஸ்ட் வந்து அரை மணி நேரம் செய்துவிட்டுப் போவதோடு அன்றைய பயிற்சி முடிந்தது என்று நினைத்தால் கணக்கு எட்டாது. நூறு கொட்டையை எண்ணிக் கிண்ணத்தில் போட்டு, காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை மாற்றச் சொல்லுங்கள். இதிலேயே இருநூறு அசைவு சேர்ந்துவிடும். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை ஓய்வு கொடுங்கள். மூளை களைத்தால் அசைவு கோணும், கோணல் அசைவே பழகியும் போகும்.

கை அவர் செய்து பழகிய வேலைக்குச் சீக்கிரம் இணங்கும். மேலப்பாளையத்திலும் முக்கூடலிலும் முப்பது வருடம் பீடி சுற்றிய ஆச்சிக்குக் கட்டையை அடுக்கச் சொன்னால் சலிப்பு வரும். மடியில் தட்டைக் கொடுத்து, வெட்டிய இலையில் தூளுக்குப் பதில் ரவையைப் போட்டுச் சுருட்டச் சொல்லுங்கள். முதலில் இலையைப் பிடித்துக்கொள்ளும் வேலை மட்டும் வராத கைக்கு. நாள் போகப் போக அந்தக் கை கட்டைவிரலால் உருட்டப் பார்க்கலாம்.

விரல் அசைவே இல்லாதவருக்கு முகம் பார்க்கும் கண்ணாடி உதவும். ஒன்றரை அடி நீளக் கண்ணாடியை மேசையில் நெட்டுக்குத்தாக நடுவில் நிறுத்தி, வராத கையை அதன் பின்னால் மறைத்து, நல்ல கையைக் கண்ணாடியில் பார்த்தபடி மெதுவாக விரித்து மூடச் சொல்லுங்கள். தினம் அரை மணி நேரம். மறைந்திருக்கும் கையையும் கூடவே அசைக்க முயல வேண்டும், அதுதான் முக்கியம்.

நல்ல கையைக் கட்டிப்போட்டால் மற்றது வேலை செய்யும் என்று யாரோ சொன்னதைக் கேட்டுக் கட்டிவிடுகிறவர்களும் உண்டு. அந்த முறை உண்மையானது. ஆனால் மணிக்கட்டை ஓரளவு தூக்கவும் விரலைக் கொஞ்சம் விரிக்கவும் முடிகிறவருக்குத்தான், அதுவும் தினம் பல மணி நேரப் பயிற்சியோடு சேர்த்து. அசைவே இல்லாதவருக்குக் கட்டினால் விழுந்து அடிபடுவதுதான் மிச்சம்.

எழுந்து நிற்பது, நடப்பது

நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். நடுத் தார்சாவில் போட்ட பிளாஸ்டிக் நாற்காலி எழும்போது பின்னால் நழுவும். இருக்கையின் முன்விளிம்புக்கு நகர்ந்து, இரண்டு பாதங்களையும் முழங்காலுக்குப் பின்னால் இழுத்து ஊன்றி, மூக்கு கால்விரலுக்கு நேரே வரும்வரை குனிந்து, அப்புறம் எழ வேண்டும். இதில் வழக்கமாகச் செய்யும் தப்பு, வராத காலை முன்னால் நீட்டிவிட்டு நல்ல காலில் மட்டும் எழுவது. எழுந்துவிடலாம், ஆனால் வராத கால் ஒன்றும் கற்றுக்கொள்ளாது. கஷ்டப்பட்டால் ஜமுக்காளத்தை மடித்துப் போட்டு இருக்கையை உயர்த்துங்கள், வாரத்துக்கு ஒரு மடிப்புக் குறையுங்கள். உட்காரும்போது தொப்பென்று விழாமல் மூன்று எண்ணி இறங்க வேண்டும். ஐந்து தடவை, மூன்று சுற்று, வாய்விட்டு எண்ணியபடி. எண்ணிக்கொண்டே செய்தால் மூச்சை அடக்க முடியாது. அடக்கினால் ரத்த அழுத்தம் ஏறும். பயிற்சிக்கு முன் அழுத்தம் 180/110-ஐத் தாண்டியிருந்தால் அன்றைக்குப் பயிற்சி வேண்டாம், மருத்துவரிடம் பேசுங்கள்.

கம்பு நல்ல கையில். உயரம், கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு வரும் அளவு. படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வராத கால் முதலில். சாரத்தின் (லுங்கியின்) ஓரத்தில் பாதம் சிக்கும், மடித்துக் கட்டிக்கொள்ளட்டும். ரப்பர் செருப்புக்குப் பதில் பின்வார் வைத்த செருப்பு. குறுக்குத்துறைப் படித்துறைப் பாசியும் குற்றாலத்து அருவியும் இப்போதைக்கு வேண்டாம்.

காலம்

இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. முதல் நாளே தூக்கி நடக்கவைக்கத் துடிப்பது ஒன்று. 24 மணி நேரத்துக்குள் அடிக்கடி, அதிக நேரம் எழுப்பி நடமாடவைத்தவர்கள் மூன்றாம் மாதம் சற்று மோசமாகவே இருந்ததை 2015-ல் வெளிவந்த அவெர்ட் ஆய்வு காட்டியது. எப்போது, எவ்வளவு என்பதை மருத்துவமனைக் குழு சொல்லட்டும். இன்னொன்று, ஒரு மண்டலம் எண்ணெய், பத்தியம், புறா ரத்தம் என்று சுற்றிவிட்டு மூன்றாம் மாதம் பிசியோவுக்கு வருவது. வேகமாகத் தேறும் காலமே அந்த முதல் மூன்று மாதம்தான். உணர்ச்சி குறைந்த கையில் சுடச்சுட எண்ணெயோ ஒத்தடமோ வைத்தால் கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் நீவவே கூடாது. ரத்தக்கட்டாக இருக்கலாம், உடனே காட்ட வேண்டும்.

மூன்று மாதம் தாண்டியவருக்குக் கதவு சாத்தவில்லை. நல்ல கையைக் கட்டுப்படுத்திப் பயிற்சி கொடுத்து 2006-ல் வெளியான எக்ஸைட் ஆய்வில் 3 முதல் 9 மாதம் ஆனவர்களின் கைதான் தேறியது. ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனைக்குத் திரும்பத் திரும்ப அழைத்துப் போக முடியாத ஊர்க்காரர்கள், ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வழியாக வீட்டுக்கே பிசியோதெரபி வருமா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கலாம்.

மனசு

துட்டி கேட்க வந்த மாதிரி வந்து உட்கார்ந்து, “எப்படி இருந்த மனுசன்!” என்று உச்சுக் கொட்டுகிறவர்களை வாசலோடு நிறுத்துங்கள். அதைவிடச் சேதம் செய்வது, “நீங்க சும்மா இருங்க, நான் பாத்துக்கிடுதேன்” என்கிற மருமகளின் அன்பு. சட்டைப் பொத்தானை அவர் போட ஆறு நிமிடம் ஆகும், நீங்கள் போட்டால் அரை நிமிடம். அந்த ஆறு நிமிடம்தான் சிகிச்சை. அவசரமில்லாத நேரத்தில் சட்டை மாற்றிவிடுங்கள், அவ்வளவுதான்.

சும்மா பேசும்போதே அழுதுவிடுகிறார், இல்லை சம்பந்தமில்லாமல் சிரிக்கிறார் என்றால், அது துக்கமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. உணர்ச்சியை அடக்கும் பாதை பழுதானாலும் அப்படி வரும். “அழாதீங்க” என்றால் கூடும். பேச்சை மாற்றினால் நின்றுவிடும். ஆனால் இரண்டு வாரமாகச் சாப்பாடு இறங்கவில்லை, தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் அது மனச்சோர்வு. பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு வரும். “மனசைத் தைரியமா வச்சுக்கிடணும்” என்று சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. மாத்திரையும் பேச்சும் இருக்கின்றன.

குறிக்கோளைச் சின்னதாக வையுங்கள். ‘கை சரியாகணும்’ என்பதற்கு அளவில்லை. ‘இந்த வாரம் டம்ளரை வாய்வரை’, ‘அடுத்த மாதம் முடுக்கு முக்குவரை’ என்பவை அளக்கக்கூடியவை. நெல்லை டவுன்காரர் என்றால், நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்துக்குள் ரதவீதிவரை நடப்பது என்று வைக்கலாம். கூட்டத்துக்குள் போக வேண்டாம், முதல் நாள் விடியற்காலையில் போகலாம். கோயில் வாசப்படிக்காகக் காலைத் தூக்குகிற பயிற்சியை அவரே கேட்டுச் செய்வார்.

பயிற்சியோடு பயிற்சியாக, நன்றாகிவிட்டது என்று ரத்த அழுத்த மாத்திரையையும் ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையையும் நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. அப்படி நிறுத்தினால் பக்கவாதம் மறுபடியும் வரலாம். வாய் கோணுவது, கை புதிதாக விழுவது, பேச்சு குழறுவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் நேரத்தைக் குறித்துக்கொண்டு 108-ஐக் கூப்பிடுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. எப்போது தொடங்கியது என்பதுதான் அங்கே கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று.